அமெரிக்கச் சிற்றூர்களில் ஓடிய மின்சார ரயில் ஏன் மறைந்தது?

கேள்வி (குத்தாலம்):
எங்கள் மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதை 1926-இல் திறக்கப்பட்டு, கடைசிவரை மின்சாரத்தைக் காணாமலே 1986-இல் மூடப்பட்டது. ஆனால் 1910 வாக்கிலேயே ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களின் வயல்வெளிகளில் மின்சார ரயில் ஓடியதாகப் படித்தேன். அவ்வளவு குறைந்த மக்கள்தொகைக்கு அது எப்படிக் கட்டுபடியானது?

பதில் 1 (திருவாரூர்):
ஐயா, அவற்றை ‘இன்டர்அர்பன்’ என்பார்கள். 1888-இல் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராமை வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய பின், அதே நுட்பம் ஊர்விட்டு ஊர் நீண்டது. பெரும்பாலும் ஒற்றைப் பெட்டிதான். தலைக்கு மேல் செல்லும் கம்பியிலிருந்து சுமார் 600 வோல்ட் நேர்மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, சாலையோரமாகவும் கடைத்தெரு நடுவிலும் ஓடும். நிலையம் என்ற சடங்கெல்லாம் கிடையாது. விவசாயி தன் வயலுக்குப் போகும் பாதையின் முனையில் நின்று கை காட்டுவார். இரவானால் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி அசைப்பார். நம் ஊர் மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பால் கேன்களும் சிறு பொட்டலங்களும் அதே தடத்தில் போயின. 1916 வாக்கில் நாடு முழுவதும் ஏறத்தாழ 25,000 கிலோமீட்டர் பாதை இருந்தது.

பதில் 2 (தஞ்சாவூர்):
கட்டுபடியானதா என்பதே சந்தேகம்தான். போட்ட முதலுக்குப் பல கம்பெனிகள் உருப்படியான லாபம் பார்த்ததே இல்லை. 1908-இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. அதன்பின் அரசு வரிப்பணத்தில் நல்ல சாலை போட, ரயில் கம்பெனியோ தன் தண்டவாளத்தைத் தன் செலவிலேயே பராமரிக்க வேண்டியிருந்தது. கடைத்தெருவின் கூர்மையான வளைவுகளில் நீண்ட சரக்கு ரயிலைத் திருப்ப முடியாததால், சரக்கு வருமானமும் கைகொடுக்கவில்லை. 1930-களின் பொருளாதார மந்தம் பெரும்பாலானவற்றை முடித்துவிட்டது. சிகாகோ–சவுத் பெண்ட் பாதை போன்ற மிகச் சிலவே இன்றும் ஓடுகின்றன.

கேட்டவர்:
நன்றி. நிலவரியோடு கூடுதல் வரி வாங்கி ரயில் பாதை போட்ட நம் ஜில்லா போர்டு, அப்போதே மின்சாரத்தை யோசித்திருக்கலாமே?

பதில் 2 (தஞ்சாவூர்):
அந்தப் போர்டு போட்ட மாயவரம்–முத்துப்பேட்டை பாதை 1894-இல் வந்தது. சென்னையிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். மேட்டூரில் மின் உற்பத்தி தொடங்கியது 1937-இல். அதற்குள் ஒஹாயோவில் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.