ஃபாக்வெர்க் வீடு: தமிழில் என்ன சொல்?

அன்புள்ள ஐயா,

மரச்சட்டகம் நிறுத்தி, இடைவெளிகளை மண்ணாலோ செங்கல்லாலோ அடைத்துக் கட்டும் வீட்டை ஜெர்மனியில் "ஃபாக்வெர்க்" வீடு என்பார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன பெயர் இது:

> "அரைமர வீடு" என்றே வைத்துக்கொள்ளலாமே. ஆங்கிலத்திலும் அப்படித்தான் வழங்குகிறது.

இதை ஏற்க மனம் வரவில்லை. பாதிதான் மரம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ஜெர்மனியின் க்வெட்லின்பர்க் நகரில் தெருத்தெருவாக நிற்கும் இந்த வீடுகளில் பாரம் முழுவதையும் சுமப்பது மரம்தான். தூண், உத்தரம், சாய்வாகக் கொடுத்த முட்டு எல்லாவற்றையும் மர ஆணியால் பூட்டிவிடுவார்கள். இடையில் விழும் கட்டங்களில் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்புவார்கள். சில வீடுகளில் செங்கல் வைத்திருப்பார்கள். மண்ணை உதிர்த்துவிட்டாலும் சட்டகம் நிற்கும்.

ஆகவே "மரச்சட்டக வீடு" என்பது என் பரிந்துரை. எது தாங்குகிறது என்பதைச் சொல்லே காட்டிவிடும். குச்சிப் பின்னலுக்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம், மண்சுவருக்குள் கட்டுவதற்கு "வரிச்சு" என்ற நல்ல சொல் இருக்கிறது.

இன்னொரு தேவையும் உண்டு. அதே ஊரில் அருங்காட்சியகமாக உள்ள 14-ஆம் நூற்றாண்டு வீட்டில் தூண்கள் தரையிலிருந்து கூரை வரை ஒரே மரமாக ஓடுகின்றன. பிந்தைய வீடுகளில் மாடிக்கு மாடி தனிச் சட்டகம்; மேல்மாடி தெருப்பக்கம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். முன்னதை "நெடுந்தூண் கட்டு", பின்னதை "அடுக்குச் சட்டகம்" என்று பிரித்துச் சொல்லலாமா?

---

வணக்கம்.

நெடுந்தூண் கட்டு மிக அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். மரச்சட்டகம் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. பலகை அடித்துச் சட்டகத்தை மூடிவிடும் இன்றைய மரவீடுகளும் அந்தப் பெயருக்குள் வந்துவிடும். ஜெர்மனியின் மிக்கெல்ஸ்டாட் நகரில் 1484-இல் கட்டிய நகரமன்றத்தைப் பாருங்கள், மரமும் கட்டங்களும் வெளியே தெரிவதுதான் அதன் முகம். "கட்டச்சட்டக வீடு" என்றால் இரண்டும் வந்துவிடும். சொல்லச் சற்றுக் கனம்தான், ஆனாலும் பொருள் பிசகாது.

அப்புறம் ஒன்று. தச்சர்கள் மரங்களை முதலில் தரையில் பொருத்திப் பார்த்து, எது எதனோடு சேரும் என்று குறி வெட்டிவிட்டுத்தான் தூக்கி நிறுத்துவார்கள். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுபோய்த் திறந்தவெளி அருங்காட்சியகங்களில் மறுபடி நிறுத்தும்போதும் அந்தக் குறிகள் கைகொடுக்கின்றன. அவற்றைத் "தச்சுக்குறி" எனலாம் என்று தோன்றுகிறது. நம் தச்சர்களிடம் வேறு வழக்குச் சொல் இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள்; அதையே வைத்துக்கொள்வோம்.