கேம் கன்சோலில் அப்பாவின் சிடி, விசிடி, டிவிடி ஓடவில்லை: கோளாறா, கட்டுப்பாடா?

கோவில்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். டிஸ்க் டிரைவ் உள்ள புதுத் தலைமுறை கேம் கன்சோல் ஒன்று வாங்கியிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பதில் வராது, இரண்டு கட்சிக்காரர்களின் சண்டைதான் வரும்.

வாங்கியதற்குக் கேம் மட்டும் காரணமில்லை. ஊரில் அப்பாவின் டிவிடி பிளேயர் வோல்டேஜ் ஏறிப் புகைந்துவிட்டது. பீரோ நிறைய டிஸ்க் வைத்திருக்கிறார். லீவு முடிந்ததும் கன்சோலை அவரிடமே விட்டுவிடலாம், அவர் பாட்டும் படமும் பார்ப்பார், நான் போகும்போது கேம் ஆடிக்கொள்ளலாம் என்பது திட்டம். கடைக்காரரும் "எல்லா டிஸ்கும் ஓடும் சார்" என்றார்.

இப்போது நிலவரம்: ஆடியோ சிடி போட்டால் உள்ளே இழுத்துக்கொள்கிறது, கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றுகிறது, பிறகு இந்த டிஸ்கைப் பயன்படுத்த முடியாது என்று துப்பிவிடுகிறது. விசிடிக்கும் அதே கதி. டிவிடி போட்டதும் முதலில் இன்டர்நெட் கேட்டது. அப்பா வீட்டில் நெட் இணைப்பே கிடையாது. சென்னையில் வைத்து நெட் கொடுத்த பிறகு தமிழ் டிவிடிகள் ஓடுகின்றன. ஆனால் அக்கா நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலப் பட டிவிடிகள் மட்டும் ரீஜன், அதாவது டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்கானது என்பது, பொருந்தவில்லை என்று நிற்கின்றன.

கடைசியாக, அக்காவின் கல்யாண டிவிடி. ஸ்டுடியோக்காரர் எரித்து, அதாவது டிஸ்கில் பதிந்து, கொடுத்தது, மேலே மார்க்கரில் "பார்ட் 2, முகூர்த்தம்" என்று எழுதியிருக்கும். பார்ட் 1 சுத்தமாக ஓடுகிறது. பார்ட் 2 தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் உறைந்துவிடுகிறது. அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை.

டிரைவ் கெட்டதா? வாரண்டியில் கொடுக்கலாமா? இல்லை, வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்களா?

டிரைவ்_டாக்டர்:

வாரண்டிக்கு அலையாதீர்கள். கேம் டிஸ்கும் தமிழ் டிவிடியும் ஓடுகிறதென்றால் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஒரே பிரச்சினை என்று நினைப்பது நான்கு தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலில் சிடி. ஆடியோ சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீள லேசர் வேண்டும். டிவிடிக்கு 650, புளூரேவுக்கு 405. மூன்றையும் படிக்கிற டிரைவில் மூன்றுக்கும் ஏற்பாடு இருக்கும். சிடி லேசரை விட்டுவிட்டுச் செய்த டிரைவாக இருந்தால் எந்த அப்டேட் வந்தாலும் சிடி ஓடாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோல் ஆடியோ சிடியைப் பாடியது. 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வரும்போதே அதில் ஆடியோ சிடி ஓடாது என்று சோனி சொல்லிவிட்டது, பிளேஸ்டேஷன் 5-லும் ஓடாது. ஆடியோ சிடியைப் பிலிப்ஸோடு சேர்ந்து 1982-இல் சந்தைக்குக் கொண்டுவந்ததே அந்த சோனிதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

விசிடியும் உடலளவில் சிடிதான், அதனால் அதே சிக்கல். அதற்கு மேல், ஆசியாவில் வீட்டுக்கு வீடு இருந்த அந்த வடிவம் அமெரிக்காவில் பெரிதாகப் பரவவில்லை. அங்கே விற்காததற்குக் கன்சோல்காரர்கள் மெனக்கெடவும் இல்லை.

டிவிடி முதல் தடவை நெட் கேட்பது கோளாறு இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4-இல் டிவிடி, புளூரே பார்க்க முதல்நாளே அப்டேட் போட வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் புளூரே ஆப்பை ஸ்டோரிலிருந்து இறக்க வேண்டும். பிறகு வந்த கழற்றி மாட்டும் பிளேஸ்டேஷன் 5 டிரைவையும் நெட் மூலம் ஒருமுறை கன்சோலோடு பதிந்தால்தான் வேலை செய்யும். உங்களுடையதில் அந்த வேலை முடிந்துவிட்டது. ஊரில் நெட் இல்லாமல் தமிழ் டிவிடி ஓடும். ஆனால் கன்சோலை ரீசெட் செய்துவிடாதீர்கள், மறுபடி கேட்கலாம். கேட்டால் போன் ஹாட்ஸ்பாட் போதும்.

கல்யாண டிவிடியில் பூட்டு எதுவும் இருக்காது. அது தேய்மானம். அந்த டிஸ்கின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறதா? லேப்டாப்பில் போட்டால் எங்கே நிற்கிறது?

கறார்க்_கணக்கு:

"வேண்டுமென்றே பூட்டினார்களா" என்று கேட்டீர்கள், அதற்கு என் பதில்.

டிவிடி படம் ஓட்டும் ஒவ்வொரு கருவிக்கும் காப்புரிமைக்காரர்களுக்கு அப்போது பணம் கட்ட வேண்டியிருந்தது. வீடியோவைச் சுருக்கி வைக்கும் எம்பெக்-2 முறைக்குத் தனி, டால்பி ஒலிக்குத் தனி, டிவிடி வடிவத்துக்கே தனி. 2000-இல் பிளேஸ்டேஷன் 2 இதையெல்லாம் விலைக்குள் அடக்கி வந்தது. ஜப்பானில் நிறையப் பேர் வீட்டில் முதல் டிவிடி பிளேயரே அதுதான். 2001-இல் மைக்ரோசாஃப்ட் வேறு வழி பிடித்தது. எக்ஸ்பாக்ஸில் டிவிடி டிரைவ் இருக்கும், ஆனால் படம் ஓடாது. சுமார் 30 டாலர் கொடுத்து ரிமோட்டும் ரிசீவரும் சேர்ந்த கிட் வாங்கிச் செருகினால்தான் படம் தெரியும். படம் பார்க்காதவனுக்காக உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்ற கணக்கு. 2006-இல் வந்த நின்டெண்டோ வீ கன்சோலில் கேமே டிவிடி அளவு டிஸ்கில் வந்தும் படம் பார்க்க வழியே வைக்கவில்லை.

இந்தக் கட்டணம் எவ்வளவு பெரியது? ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினிக்கு 2012-இல் எம்பெக்-2 உரிமத்தைத் தனியாக விற்றார்கள். விலை 2.40 பவுண்டு. கடையில் வாங்குபவனுக்கே அவ்வளவுதான். தவிர, எம்பெக்-2 காப்புரிமைகள் அமெரிக்காவில் 2018 பிப்ரவரியோடு முடிந்துவிட்டன. எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலிலேயே முடிந்தது. ஆகவே இன்றைக்கும் "உரிமச் செலவு" என்று யாராவது சொன்னால் நான் முழுதாக ஏற்கமாட்டேன். டிஸ்க் விற்பதைவிட மாதச் சந்தாவும் ஸ்டோர் விற்பனையும் லாபம் என்பதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "சிடி ஓடாது" என்று அச்சடித்தால் எனக்குப் புகார் இல்லை.

கோவில்பட்டிக்காரன்:

நன்றி டாக்டர் சார், நன்றி கணக்கு சார். பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எந்த டிஸ்க் ஓடும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எது ஓடாது என்று ஒரு வரி இல்லை.

டிஸ்கின் அடிப்பக்கம் ஊதாதான். ஓரத்தில் விரல் ரேகையும் மங்கலாக ஒரு வளையமும் தெரிகிறது. லேப்டாப்பிலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. சிடிக்கு என்ன செய்வது?

பழம்பாட்டுப்_பிரியை:

தம்பி, என்னிடமும் இதே மாதிரி ஒரு பீரோ இருந்தது, வழி இருக்கிறது. முன்னூறு நானூறு ரூபாய்க்கு மயங்காமல் நல்ல யுஎஸ்பி டிவிடி ரைட்டராக ஒன்று வாங்குங்கள். லேப்டாப்பில் செருகுங்கள். கன்சோலில் செருகிப் பயனில்லை.

ஆடியோ சிடியை 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருளால் எடுங்கள். கீறல் இருந்தால் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும், அதனால் மெதுவாகத்தான் போகும், பொறுமை வேண்டும். எஃப்எல்ஏசி என்ற கோப்பு வகையில் வைத்துக்கொண்டால் தரம் குறையாது. பென் டிரைவில் Music என்பதை ஆங்கிலத்திலேயே பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஆல்பங்களைப் போடுங்கள். சில கன்சோல் வெளியே கிடக்கும் பாட்டைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஒன்று கவனம். பழைய பாட்டு சிடிகளை எடுக்கும்போது நெட்டிலிருந்து தானாக வரும் பாட்டுப் பெயர்கள் தமிழில் அலங்கோலமாக இருக்கும். ஒரே படத்தின் பெயர் மூன்று விதமாக வரும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அட்டையைப் பார்த்து நீங்களே அடித்துவிடுங்கள். பாடகர் பெயரை அவர் பார்க்காமலே சொல்லுவார்.

விசிடியைத் திறந்தால் MPEGAV என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் AVSEQ01.DAT என்கிற மாதிரிப் பெரிய கோப்புதான் படம். அதைக் காப்பி செய்து விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் போட்டால் அப்படியே ஓடும். கன்சோலுக்கென்றால் 'ஹேண்ட்பிரேக்' என்ற மென்பொருளில் எம்பி4 கோப்பு, எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி என்று மாற்றுங்கள். படம் இரண்டு மூன்று டிஸ்காக இருக்கும், வரிசை எண் போட்டுப் பெயர் வையுங்கள். பெரிய டிவியில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. அகலவாக்கில் 352 புள்ளிதான் அதன் மொத்தச் சொத்து.

சிங்கை_கேமர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிங்கப்பூரில் வாங்கிய கேம் டிஸ்கை ஊரில் தம்பிக்குக் கொடுத்தேன். கேம் ஓடுகிறது. அவன் இந்தியக் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பாகம், அதாவது டிஎல்சி, கேமோடு சேரவே இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கிறார்கள்.

டிரைவ்_டாக்டர்:

கேமுக்கு ரீஜன் பூட்டு இல்லை என்பார்கள், டிஎல்சிக்கு அது பொருந்தாது. டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்காக அச்சடித்ததோ அந்தப் பிராந்திய ஸ்டோரில் வாங்கிய டிஎல்சிதான் அதோடு ஒட்டும். கேஸின் முதுகில் எழுத்தும் எண்ணுமாக உள்ள குறியீட்டை ஒப்பிட்டால் தெரியும். அதே கன்சோலில் சிங்கப்பூர்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அந்த நாட்டு கிஃப்ட் கார்டால் டிஎல்சியை வாங்கி, அந்தக் கணக்குக்கு இந்தக் கன்சோலையே முதன்மையாக வைத்துவிட்டால் தம்பி தன் கணக்கிலேயே ஆடலாம். வாங்குவதற்கு முன் அந்த ஸ்டோரின் விதிகளைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்த காசுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருங்கள், டவுன்லோடு செய்யாமல் இருந்தால் வாய்ப்பு அதிகம்.

இப்போது கோவில்பட்டியாருக்கு. கல்யாண டிஸ்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், படத்தின் பின்பாதி ஓரத்தில்தான் இருக்கும், விரல் படுவதும் அங்கேதான். ஊதா அடிப்பக்கம் என்றால் சாயத்தில் எரித்த டிஸ்க், வருடம் போகப்போகச் சாயம் மங்கும். துடைத்தும் நின்றால் டிஸ்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். லினக்ஸில் 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ' என்ற மீட்பு மென்பொருள் மூலம் முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக இழுங்கள். படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடத்துக்குப் பிறகு திரும்பிப் போகும். விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். வேறொருவர் டிரைவில் போட்டு அதே கோப்பைத் தொடர்ந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஒரு டிரைவ் தடுமாறும் இடத்தை இன்னொன்று படித்துவிடும்.

கோவில்பட்டிக்காரன்:

துடைத்ததிலேயே கொஞ்சம் முன்னேறியது. பிறகு நண்பனின் பழைய டெஸ்க்டாப் டிரைவில் டிடிரெஸ்க்யூ போட்டேன். தாலி கட்டும் இடம் வந்துவிட்டது! நடுவில் இரண்டு இடத்தில் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, நாதஸ்வரச் சத்தம் மட்டும் விடாமல் கேட்கிறது. அம்மா போனில் பார்த்துவிட்டு, பந்தியில் பாயசம் வைத்த பெரியப்பாவைக் காணோமே என்று கேட்டார். அவர் பார்ட் 3-இல் இருக்கிறாராம்.

ஆடியோ சிடி வேலை நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு சந்தேகம். அக்காவின் அமெரிக்க டிவிடிகளுக்கு என்ன வழி? இதையெல்லாம் காப்பி எடுப்பது சட்டப்படி தப்பா?

கறார்க்_கணக்கு:

வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கல்யாண டிஸ்கிலும் விசிடியிலும் சாதாரண ஆடியோ சிடியிலும் உடைக்கப் பூட்டே இல்லை, சொந்தக் காசில் வாங்கியதை வீட்டில் கேட்கத்தான் எடுக்கிறீர்கள். பென் டிரைவைத் தெருவுக்கே சுற்றுக்கு விடாதீர்கள், அவ்வளவுதான். கடையில் வாங்கிய ஆங்கிலப் பட டிவிடியில் பூட்டு இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

டிரைவ்_டாக்டர்:

அமெரிக்க டிவிடி ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. சிங்கப்பூர், மலேசியா 3. பிரிட்டனும் வளைகுடாவும் 2. உங்கள் தமிழ் டிவிடிகள் தடையில்லாமல் ஓடுவதற்குக் காரணம், வெளிநாட்டுத் தமிழருக்கும் விற்க வேண்டும் என்று பெரும்பாலும் ரீஜன் இல்லாமலே அச்சடித்ததுதான். கேஸின் பின்னால் உருண்டைப் படத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள்.

கன்சோலில் இதை மாற்ற செட்டிங் கிடையாது. அமெரிக்க டிஸ்குக்கென்று ஒரு மல்டி ரீஜன் டிவிடி பிளேயரைப் பழைய சாமான் கடையில் தேடுங்கள், அப்பாவுக்கு ரிமோட்டும் பழகினது மாதிரியே இருக்கும். புளூரே வாங்கினால் வேறு கணக்கு: அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. 4கே புளூரேவுக்கு மட்டும் ரீஜன் இல்லை.

லேப்டாப் டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்து தடவைதான். ஐந்தாவது மாற்றத்தில் எதில் நிற்கிறதோ அதிலேயே டிரைவ் நிலைத்துவிடும். 1, 5 என்று மாறி மாறிப் போட்டு விளையாடாதீர்கள்.

கோவில்பட்டிக்காரன்:

பிளேயரைத் தேடிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: பாட்டு ஏற்றிய பென் டிரைவைக் கன்சோல் பார்க்கவே மாட்டேன் என்கிறது. லேப்டாப்பில் நன்றாகத் திறக்கிறது.

பழம்பாட்டுப்_பிரியை:

பென் டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபார்மட்டில் இருக்கும் தம்பி. பாட்டை லேப்டாப்பில் எடுத்து வைத்துவிட்டு, பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற வகையில் ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றுங்கள். கன்சோல் கேட்கிறதே என்று அதன் மெனுவிலிருந்து ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள், கேம் சேமிக்கும் டிரைவாக மாற்றிவிட்டால் பிறகு லேப்டாப்பில் திறக்காது.