‘டியூவி வென்றார்’ என்று அச்சடித்தார்களே, அது பலித்திருந்தால்?

திண்ணை_வாசகன்:
பழைய தலைப்புச் செய்திகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1948 நவம்பர் 3 தேதியிட்ட சிகாகோ டிரிப்யூனின் முதல் பக்கம். அமெரிக்க அதிபர் தேர்தலில், பதவியில் இருந்த ட்ரூமனை எதிர்த்து நின்ற நியூயார்க் ஆளுநர் டியூவி ஜெயித்ததாக, ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டியூவி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஏறக்குறைய 1,50,000 பிரதி அடித்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் ஜெயித்தது ட்ரூமன். அதிபரை முடிவு செய்யும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கில் அவருக்கு 303, டியூவிக்கு 189. செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக ட்ரூமன் சிரிக்கும் படம் உலகப் பிரசித்தம்.

அந்தத் தலைப்பு மட்டும் பலித்திருந்தால்? முதலில் டியூவிக்குக் குடியிருக்க வீடு இருந்திருக்காது! அந்த வருடம்தான் ட்ரூமன் மகளின் பியானோ கால் வெள்ளை மாளிகையின் மாடித் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. கட்டடம் எந்நேரமும் விழலாம் என்ற நிலை. தேர்தல் முடிந்ததும் ட்ரூமன் குடும்பம் எதிரே இருந்த பிளேர் மாளிகைக்குப் போய்விட்டது. வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, இரும்புச் சட்டம் கொடுத்துக் கட்டினார்கள். ட்ரூமன் திரும்பிக் குடிபுகுந்தது 1952 மார்ச்சில். 1949 ஜனவரியில் பதவியேற்ற கையோடு பெட்டி படுக்கையுடன் வந்திறங்கும் டியூவியிடம், “ஐயா, இந்த வீட்டை இடிக்கப் போகிறோம், எதிர்வீட்டில் இருந்துகொள்ளுங்கள்” என்று ஒரு பொறியாளர் சொல்லியிருப்பார். நாலு வருடப் பதவிக்காலத்தில் முக்கால்வாசி எதிர்வீட்டில்தான் கழிந்திருக்கும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கம்பாசிட்டர்_பேரன்:
நண்பரே, நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்தத் தலைப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். ஏதோ முட்டாள் ஆசிரியர் தூக்கத்தில் போட்டது மாதிரியே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு ஆறவில்லை.

சிகாகோ பத்திரிகைகளின் அச்சுத் தொழிலாளர்கள் 1947 நவம்பரிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். எழுத்தை வரிவரியாக ஈயத்தில் வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் உட்கார ஆள் இல்லை. அதனால் செய்தியை டைப்ரைட்டரில் அடித்து, வெட்டி ஒட்டி, படம் பிடித்து, பிளாக் என்ற அச்சுத் தகடு எடுத்துத்தான் பேப்பர் போட்டார்கள். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் சுடச்சுட ஈயத்தில் வார்த்துக் கொடுக்கும் பத்தியில் ஒரு வரியை மாற்ற நிமிடக்கணக்கு போதும். இந்த முறையிலோ பக்கத்தைப் பல மணி நேரம் முன்னாலேயே மூடியாக வேண்டும். கிழக்கு மாநிலங்களின் முடிவே முழுதாக வராத நேரத்தில், அனுபவம் மிக்க வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கின் கணிப்பை நம்பித் தலைப்பு போட்டார்கள். கருத்துக்கணிப்பு எல்லாமும் டியூவி பக்கம்தான் சாய்ந்திருந்தது.

வேலைநிறுத்தத்தின் மூலகாரணம், தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிப்போட்ட டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். அதைத் தன் ரத்து அதிகாரத்தால் தடுக்கப் பார்த்தவர் ட்ரூமன், அதை மீறி நிறைவேற்றியது நாடாளுமன்றம். நடந்த கதையே இவ்வளவு ருசியாக இருக்கும்போது, நடக்காத கதை எதற்கு?

வரலாறு_சுப்பு:
எதற்கா? நடக்காததை யோசித்தால்தான் நடந்ததன் எடை தெரியும் சார். டியூவியோடு துணை அதிபர் பதவிக்கு நின்றவர் யார்? கலிஃபோர்னியா ஆளுநர் ஏர்ல் வாரன். ஜெயித்திருந்தால் செனட் அவைக்குத் தலைமை தாங்கிக்கொண்டு இருந்திருப்பார். தோற்றதால் ஆளுநராகவே தொடர்ந்து, 1953இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது அவர் தலைமையில்தான்.

இன்னொன்றும் உண்டு. டியூவி 1952இல் பதவியில் இருந்திருந்தால் அவர் கட்சி, அந்த வருடத் தேர்தலில் ஜெயித்த ஐசனோவரைத் தேடிப் போயிருக்குமா? ஐசனோவர் இல்லையென்றால் பின்னால் அதிபரான நிக்சனுக்குத் துணை அதிபர் நாற்காலி ஏது? ஒரு தலைப்பை இழுத்தால் கால் நூற்றாண்டே கூட வருகிறது!

கம்பாசிட்டர்_பேரன்:
சுப்பு, இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வாரன் வருவதற்கு முன்பே, 1952 டிசம்பரிலேயே, அந்த வழக்கில் வாதம் நடந்துவிட்டது. கறுப்பினப் பெற்றோர்களுக்காக வாதாடிய தர்குட் மார்ஷலும் அவரோடு இருந்த வழக்கறிஞர்களும் வருடக்கணக்காக மாநிலம் மாநிலமாக அலைந்து அதைக் கட்டி எழுப்பினார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று வழக்குப் போட்ட பெற்றோர்களின் துணிச்சல் ஒரு பக்கம். அத்தனை பேர் உழைப்பையும் ‘நல்லவேளை டியூவி தோற்றார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்களா?

வரலாறு_சுப்பு:
முடிக்கவில்லை சார். மார்ஷல் இல்லாமல் வழக்கே இல்லை, சந்தேகமில்லை. ஆனால் முதல் வாதத்துக்குப் பிறகு நீதிபதிகள் பிளவுபட்டுக் கிடந்தார்கள், மறுவாதத்துக்கு உத்தரவிட்டார்கள். இடையில் தலைமை நீதிபதி வின்சன் இறந்தார், வாரன் வந்தார். ஒவ்வொருவரிடமும் பேசி 9-0 என்று கொண்டுவந்தது அவர் சாமர்த்தியம். 5-4 என்று வந்திருந்தால் பள்ளிகளை நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்த தெற்கு மாநிலங்கள் அதை எவ்வளவு சுலபமாக உதறியிருக்கும்?

மஞ்சள்_காகிதம்:
இரண்டு பேரும் ஒரே தலைப்பில் நிற்கிறீர்கள். 1912இல் டைட்டானிக் முழுகியபோது ‘பயணிகள் அனைவரும் பத்திரம்’ என்று பால்டிமோர் பேப்பர் ஒன்று போட்டதே, அதையும் இந்த விளையாட்டில் சேர்க்கலாமே? அது பலித்திருந்தால் எத்தனை கதை!

கம்பாசிட்டர்_பேரன்:
சேர்க்கக் கூடாது. லண்டனிலும் ‘உயிர்ச்சேதம் இல்லை’ என்று வந்தது. அதைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். 1,500 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டியூவி தோற்றதால் யார் வீட்டிலும் இழவு விழவில்லை, அவர் தொடர்ந்து நியூயார்க் ஆளுநராக இருந்தார். அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள்.

திண்ணை_வாசகன்:
டைட்டானிக் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் டியூவியை விடமாட்டேன். 1950 நவம்பர் 1 அன்று பிளேர் மாளிகை வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ட்ரூமனைக் கொல்ல இருவர் வந்தார்கள். தலைப்பு பலித்திருந்தால் மாடியில் இருந்திருப்பது டியூவி. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கம்பாசிட்டர்_பேரன்:
அந்தச் சண்டையில் ஒரு காவலர் செத்தார். மறுபடியும் சிரிக்கிற இடம் தாண்டிப் போய்விட்டீர்கள். பியானோவுக்கே வாருங்கள். அந்தப் பியானோ ட்ரூமனின் சொந்த மாநிலமான மிசூரிக்குப் போயிருக்கும், டியூவிக்கு ஓட்டைதான் மிஞ்சியிருக்கும்.