ஹாங்காங், குவாங்சோ எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி: எங்கே லாபம், எங்கே கை சுடும்?

ரிச்சிவாசி:

இந்தக் கண்காட்சிகளில் சரக்கு வாங்க அக்டோபர் சுற்றுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இந்த இழை. போய்வந்த கதையெல்லாம் வேண்டாம், அடுத்தவருக்கு உதவுகிற விவரமாக எழுதுங்கள். தேதிக் கணக்கில் தொடங்குகிறேன்.

ஏப்ரல், அக்டோபர் இரண்டு மாதங்களிலும் மூன்று கண்காட்சிகள் அடுத்தடுத்து வரும். ஹாங்காங் விமான நிலையத்தை ஒட்டிய ஏசியாவேர்ல்டு எக்ஸ்போவில் குளோபல் சோர்சஸ், பெரும்பாலும் 11 முதல் 14 வரை. வான்சாய் கன்வென்ஷன் சென்டரில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேர், 13 முதல் 16. குவாங்சோ பஜோவில் கான்டன் ஃபேர் முதல் கட்டம், 15 முதல் 19. எலக்ட்ரானிக்ஸ் அந்த முதல் கட்டத்தில்தான். அடுத்த கட்டங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டால் வீட்டுச் சாமானும் துணிமணியும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வருடத்துக்கு வருடம் ஓரிரு நாள் தள்ளிப் போகலாம், அவரவர் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர் முதல் இரண்டு நாள் ஏசியாவேர்ல்டு, அடுத்த இரண்டு நாள் வான்சாய், பிறகு வெஸ்ட் கவ்லூன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் குவாங்சோ என்று போடலாம். ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு பக்க இமிக்ரேஷனும் வெஸ்ட் கவ்லூனிலேயே முடிந்துவிடும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்குக்கு ஆன்லைன் முன்பதிவு போதும். இலவசம், 14 நாள் தங்கலாம், சீட்டை அச்சடித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். சீனாவுக்குத் தனியாக எம் விசா (வணிக விசா). குவாங்சோ போய் ஹாங்காங் வந்து மறுபடி ஷென்ஜென் போகும் திட்டமிருந்தால் இரட்டை நுழைவு கேளுங்கள். ஒற்றை நுழைவு விசாவில் ஒருமுறை வெளியே வந்தால் கதை முடிந்தது.

லோடுடெஸ்டர்:

பையில் போட வேண்டியவை: டைப்-சி பவர் மீட்டர் ஒன்று (எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும், கேபிளுக்குள் இருக்கும் இ-மார்க்கர் சிப்பைப் படிக்கக்கூடியது), சின்ன எலக்ட்ரானிக் லோடு ஒன்று (சார்ஜர், பவர் பேங்கிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் இழுத்துப் பார்க்கும் கருவி), நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற கிராம் தராசு ஒன்று. தாராளமாகக் கேட்லாக் வாங்கிச் சுமப்பதைவிட இந்த மூன்றும் உபயோகம்.

பவர் பேங்க்: 10,000 எம்ஏஹெச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். அதாவது 37 வாட்-ஹவர். வெளியே வருவது 5 வோல்ட்டில். வகுத்தால் 7,400, மாற்றும்போது போகிற நஷ்டம் கழித்தால் 6,300 பக்கம் நிற்கும். நேர்மையான தொழிற்சாலை இந்த இரண்டாவது எண்ணையும் பெட்டியில் அச்சடிக்கும். கேட்டால் மழுப்புகிற ஸ்டாலில் நேரம் செலவழிக்காதீர்கள். மூன்று மணி நேர லோடு டெஸ்ட்டை ஹாலில் செய்ய முடியாது, சாம்பிள் வாங்கி ஓட்டலில் செய்யலாம். ஹாலில் செய்யக்கூடியது எடை. 18650 என்கிற உருளை லித்தியம் செல் ஒன்று 45 முதல் 48 கிராம். நல்ல செல்லே பெரும்பாலும் 3,500 எம்ஏஹெச்சைத் தாண்டாது. 20,000 என்று எழுதியிருந்தால் ஆறு செல், செல் மட்டுமே 270 கிராமுக்கு மேல் வர வேண்டும். தட்டை பாலிமர் செல் இன்னும் லேசு. ஆனாலும் மொத்தம் 130 கிராமில் 10,000 என்று நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேபிள்: இ-மார்க்கர் இல்லாத டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், 60 வாட்டோடு சரி. 100 வாட் என்று உறையில் போட்டிருந்தால் சிப் இருந்தே ஆக வேண்டும். மீட்டரில் செருகினால் பத்து நொடியில் தெரியும்.

சார்ஜர்: 65 வாட் என்பது ஒற்றைப் போர்ட்டிலா, எல்லாப் போர்ட்டும் சேர்த்தா? இரண்டாவது போனைச் செருகியதும் 45 + 20 ஆகப் பிரிவது இயல்பு. சில மலிவு டிசைன்களில் இரண்டுமே 5 வோல்ட்டுக்கு விழுந்துவிடும். லோடை 20 வோல்ட், 3.25 ஆம்பியரில் வைத்து அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்கிற ஸ்டால் இருக்கத்தான் செய்கிறது. கண்காட்சியின் உண்மையான பலன் இதுதான். ஒரே வரிசையில் இருபது சார்ஜர் தொழிற்சாலை, சிலவற்றில் இன்ஜினியரே நிற்பார், மூடி திறந்த போர்டும் வைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து மெயில் போட்டு இதைச் செய்ய மாதக்கணக்காகும்.

புறக்கோட்டை:

இலங்கையிலிருந்து போறவை ஒன்றைக் கவனியுங்கோ. ஹாங்காங்குக்கு எங்கட பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேணும், அந்த ஆன்லைன் முன்பதிவு இந்தியர்களுக்குத்தான். அடுத்தது ப்ளக். எங்களுக்கு 13 அம்பியர் சதுரக் கால் ப்ளக், ஹாங்காங்கிலும் அதே. இந்தியாவுக்கு உருண்டைக் கால். சீன உள்ளூர்ச் சரக்கு தட்டைக் கால். ஓர்டர் தாளில் ப்ளக் வகையைப் படத்தோட எழுதிக் கையெழுத்து வாங்காட்டில் தட்டைக் காலோடதான் வந்து இறங்கும், பிறகு அடப்டர் வாங்கிப் போட்டே லாபம் போயிடும். புளூடூத், வைஃபை உள்ள எதுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதியைக் காசு அனுப்ப முதல் பாருங்கோ.

காதுமாட்டி:

இயர்பட்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு. ஹாலில் கேட்டு முடிவெடுக்கவே கூடாது, இரண்டு காரணம்.

ஒன்று, ஆயிரக்கணக்கான புளூடூத், வைஃபை கருவிகள் ஒரே கூரையின் கீழ் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைகின்றன. நல்ல இயர்பட்ஸும் அங்கே விட்டுவிட்டுக் கேட்கும். அதைக் குறையென்று ஒதுக்கினால் நல்ல சரக்கை இழப்பீர்கள். இரண்டு, ஹாலின் ஏசி இரைச்சல் கீழ்ஸ்தாயி முனகல். இரைச்சல் நீக்கும் வசதி (ஏஎன்சி) மிகச் சுலபமாக விழுங்குவது அந்த வகையைத்தான். ஆகவே அங்கே போட்டுப் பார்த்தால் எல்லா ஏஎன்சியும் பிரமாதமாகத் தெரியும். பேச்சுக் குரலையும் பாத்திரச் சத்தத்தையும் எவ்வளவு குறைக்கிறது என்பதை ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் சோதியுங்கள்.

ஏஎன்சி வேறு, இஎன்சி வேறு. இஎன்சி என்பது நீங்கள் பேசும்போது எதிர்முனைக்காரருக்கு இரைச்சலைக் குறைப்பது, உங்கள் காதுக்கு ஒன்றும் செய்யாது. ஸ்டால் அட்டையில் "நாய்ஸ் கேன்சலிங்" என்று மட்டும் இருந்தால் எது என்று எழுதி வாங்குங்கள். சிப் பெயரையும் கேளுங்கள்: ஜியெலியா, புளூட்ரமா, பிஇஎஸ்ஸா, குவால்காமா. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேதான். மேசையில் இருப்பது ஒரு சிப், கன்டெய்னரில் ஏறுவது வேறு சிப் என்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய வித்தை. சிப் மாடல் எண், பேட்டரி எம்ஏஹெச், ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) பதிப்பு மூன்றும் இன்வாய்ஸில் ஏற வேண்டும். ஒப்புதல் சாம்பிள் இரண்டை சீல் வைத்து ஒன்றை நீங்கள் கொண்டுவாருங்கள்.

இதே கதை புரொஜெக்டரில். "9,000 லூமென்ஸ்" வெளிச்சம் என்று எழுதிய பெட்டி, தர முறைப்படி அளக்கும் ஆன்சி லூமென்ஸில் 200 தாண்டாமல் இருக்கும். ஸ்டாலுக்குள் கறுப்புத் துணி கட்டிக் காட்டுவது அதனால்தான். "1080பி சப்போர்ட்" என்பதும் ஏமாற்று. உள்ளே பேனலின் சொந்த ரெசல்யூஷன் 800×480 ஆக இருக்கலாம். "நேட்டிவ் எவ்வளவு?" என்ற ஒரு கேள்வி போதும்.

ரிச்சிவாசி:

சான்றிதழ் பற்றி யாரும் தொடவில்லையே?

கன்சைன்மென்ட்:

அதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பவர் பேங்க், மொபைல் சார்ஜர், ஒயர்லெஸ் இயர்போன், புளூடூத் ஸ்பீக்கர், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கட்டாயப் பதிவில் வருகின்றன. 2012 உத்தரவில் தொடங்கிப் பட்டியல் கட்டம் கட்டமாக நீண்டது. ஸ்டால்காரர் "பி.ஐ.எஸ். இருக்கு சார், ப்ராப்ளமே இல்லை" என்பார். பொய் என்று சொல்ல முடியாது, உங்களுக்கு உதவாது என்பதுதான் விஷயம். பதிவு கொடுக்கப்படுவது குறிப்பிட்ட தொழிற்சாலை முகவரிக்கு, குறிப்பிட்ட மாடலுக்கு, குறிப்பிட்ட பிராண்டுக்கு. அவர் காட்டுவது வேறொரு இறக்குமதியாளரின் பிராண்டுக்கு எடுத்ததாக இருக்கும். உங்கள் பெயர் அச்சடித்த பெட்டி அந்த எண்ணில் வந்தால் சுங்கத்தில் நிற்கும், டெமரேஜ் (தேக்கக் கட்டணம்) ஓடும். ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணை வாங்கி அங்கேயே பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலை முகவரியும் பிராண்டும் தெரியும். புளூடூத் உள்ளதற்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் இ.டி.ஏ. அனுமதி தனி. இறக்குமதியாளராக மின்கழிவுப் பதிவும் உங்கள் தலையில்.

"ஃபர்ஸ்ட் காப்பி" (பெரிய பிராண்டின் போலி) வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்டுப் பின்னாலிருந்து இன்னொரு கேட்லாக் எடுப்பவர்களும் உண்டு. 2007 அறிவுசார் சொத்துரிமை விதிகளின்படி சுங்கமே நிறுத்தி வைக்கலாம். சரக்கும் போகும், வழக்கும் வரும்.

தொழிற்சாலையா, இடைத்தரகரா என்று பார்க்க பிசினஸ் லைசென்ஸ் கேளுங்கள். எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 18 இலக்கக் குறியீடு இருக்கும். தொழில் வரம்பில் உற்பத்தி என்ற சொல் இருக்கிறதா என்று போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள். இடைத்தரகர் எல்லாம் மோசமில்லை. சின்ன அளவில் பத்துப் பொருள் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்ற அவர்தான் லாயக்கு. தொழிற்சாலை வேஷம் போட்டால்தான் வம்பு.

பணம்: 30 சதவீதம் முன்பணம், 70 சதவீதம் ஏற்றும் முன். அந்த 70 போவதற்கு முன் மூன்றாம் ஆள் இன்ஸ்பெக்ஷன் வேண்டும். 1,000 பீஸுக்கு வழக்கமான இரண்டாம் சோதனை நிலையில் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் பெரிய குறை 5 வரை பாஸ், 6 ஆனால் ஃபெயில். இந்த எண்களை ஆர்டரிலேயே எழுதாவிட்டால் ஃபெயில் ஆன பிறகு வாக்குவாதம்தான் மிஞ்சும். நடுவில் "பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் அனுப்பாதீர்கள். மெயிலை யாரோ உடைத்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டு, கண்காட்சியில் வாங்கிய எண்ணுக்கு வீடியோ கால் போட்டுக் கேளுங்கள். ஹாலில் நின்றபடி கைக்காசாக அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. வங்கி வழியாகப் போன முன்பணத்துக்குத்தான் பின்னால் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்கத் தாள்) காட்டிக் கணக்கு முடிக்க முடியும்.

எம்.ஓ.க்யூ. (குறைந்தபட்ச ஆர்டர் அளவு) 1,000 என்று அடம்பிடித்தால் "பெட்டி அச்சடிக்காமல் வெள்ளைப் பெட்டியில் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் அந்த 1,000 அச்சகத்துக்காரரின் கணக்கு. சரக்கு மட்டும் என்றால் 200 பீஸுக்கு இறங்கும்.

லோடுடெஸ்டர்:

மேலே சொன்னதோடு ஒன்று. விசிட்டிங் கார்டு, பொருள், விலை எழுதிய தாள் மூன்றையும் ஒரே போட்டோவில் எடுங்கள், அனுமதி கேட்டு. தனித்தனியாக எடுத்தால் இரவில் எந்தச் சார்ஜர் எந்தக் கார்டு என்று தெரியாது. சீனாவுக்குள் வாட்ஸப்பும் கூகுளும் ஓடாது. ஹாங்காங் சிம்மை ரோமிங்கில் போட்டால் ஓடும். அங்கே எல்லோரும் பேசுகிற வீசாட் செயலியில் ஊரிலிருந்தே கணக்கு தொடங்கி வையுங்கள்.

காதுமாட்டி:

கடைசி நாள் மதியத்துக்கு மேல் பாதி ஸ்டால் பெட்டி கட்டத் தொடங்கிவிடும். பேசுவதற்கு அது உதவாத நாள், சாம்பிள் மலிவாகக் கிடைக்கிற நாள். சில்லறை விற்பனை கூடாது என்பது விதி. ஆனாலும் சுமந்து திரும்ப விருப்பமில்லாதவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

அக்டோபரில் ஆர்டர் போடுகிறவர்கள் சீனப் புத்தாண்டை நாட்காட்டியில் குறியுங்கள். தொழிற்சாலை மூடுவது மட்டுமில்லை, ஊருக்குப் போன தொழிலாளர் எல்லோரும் திரும்புவதில்லை. திறந்த முதல் வாரங்களில் புதுக் கைகள் செய்த சரக்கில் குறை கூடுதலாக வரும்.

புறக்கோட்டை:

சாம்பிள் பவர் பேங்கை விமானத்தில கொண்டுவரலாமோ? எத்தனை?

கன்சைன்மென்ட்:

கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. 100 வாட்-ஹவர் வரை தடையில்லை, 3.7 வோல்ட்டில் அது 27,000 எம்ஏஹெச். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுவிடுங்கள். சீன உள்நாட்டு விமானத்தில் 2025 ஜூன் 28 முதல் 3சி (சீனக் கட்டாயச் சான்று) முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏறவே ஏறாது. ஏற்றுமதிக்கென்று செய்த சாம்பிளில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது, ஆகவே குவாங்சோவிலிருந்து ரயிலில் ஹாங்காங் வந்து அங்கிருந்து பறப்பது உத்தமம். ஒரே மாடலில் பத்து வைத்திருந்தால் சாம்பிள் என்று சுங்கத்தில் சொல்லிப் பயனில்லை. மாடலுக்கு ஒன்று, இரண்டு போதும். மற்றவற்றை யூஎன் 38.3 (லித்தியம் பேட்டரிப் போக்குவரத்துப் பாதுகாப்பு) டெஸ்ட் ரிப்போர்ட்டோடு கூரியரில் போடச் சொல்லுங்கள்.