ஜப்ஜி சொல்லும்போது மனசு மீன் விலைக்குப் போகிறது

கேள்வி (கடலூர் முதுநகர்):
புதுச்சேரியில் என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பர், சீக்கியர்கள் விடிகாலையில் சொல்லும் குருநானக்கின் ஜப்ஜி பாடலைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதமாக விடிகாலை நாலரைக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து சொல்கிறேன். பாதியில் துறைமுகப் பக்கம் படகு இன்ஜின் சத்தம் வரும். வாய் பாட்டுக்குச் சொல்லும். மனசு வஞ்சிரம் என்ன விலை என்று கிளம்பிவிடும். இப்படிச் சொல்லிப் பலன் உண்டா?

பதில் (முத்தியால்பேட்டை):
தம்பி, லூதியானாவில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். வாயை மூடி உட்கார்ந்தால் மட்டும் மனசு அடங்காது என்று முதல் பவுரியிலேயே (பவுரி என்றால் பாடலின் ஒரு பத்தி) குருநானக் சொல்லிவிட்டார். மொத்தம் 38 பவுரி. நிதானமாகச் சொன்னால் எனக்கு 25 நிமிடம். பஸ்ஸைப் பிடிக்கப் பன்னிரண்டில் ஓட்டியதும் உண்டு, வெட்கம்தான். தினம் ஒரு பவுரிக்கு நண்பரிடம் பொருள் கேளுங்கள். நாலாவதில் வரும் ‘அம்ரித் வேளா’ என்றால் விடிகாலை அமுத நேரம்; அந்த ‘வேளா’ நம்ம ‘வேளை’தான்! மாலையில் சொல்ல ரெஹ்ராஸ், படுக்குமுன் கீர்த்தன் சோஹிலா என்று வேறு பாடல்களும் உண்டு. அதெல்லாம் மெதுவாக வரட்டும்.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
அப்பர் கல்லோடு கரையேறிய ஊர் நம்முடையது. என் ஆயா வாசல் தெளித்துக்கொண்டேதான் தேவாரம் சொல்வார், நடுவில் பால்காரரையும் திட்டுவார். விட்ட இடத்தை மறக்கவே மாட்டார்.

கேட்டவர்:
சரி ஐயா. இன்று ஏழாவது பவுரியில் நழுவினேன். போன வாரம் மூன்றிலேயே போய்விட்டது.