உதவி: ஐஸ்ல துளை போட்டு இருந்தும் வாலாய் மீன் (walleye) பிடிபடுதே இல்லை

ஸ்காபரோ_சுதா
எல்லாருக்கும் வணக்கம். புதுவருசம் பிறந்ததில இருந்து சனி ஞாயிறு எண்டால் தண்ணி உறைஞ்ச ஐஸ்ல மீன்பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறம். வாலாய் ஒண்டு கூட இல்லை. மஞ்சள் பேர்ச் மீன் மட்டும் விரல் நீளத்தில வருது. எங்களுக்குப் பக்கத்தில கூடாரம் அடிக்கிற இரண்டு பேர் நாங்கள் வெளிக்கிடேக்கதான் வந்து இறங்குவினம், பிறகு பார்த்தால் நல்ல பெரிய மீனோட படம் காட்டுவினம். எங்களிட்டயும் நல்ல தூண்டில், நல்ல தங்கூசி நூல் எல்லாம் இருக்கு. என்ன செய்யோணும்? கெதியாச் சொல்லுங்கோ, வாற சனி அப்பாவும் எங்களோட வாறார். அவற்ர கையால ஒரு மீனெண்டாலும் தூக்க வைக்கோணும்.

வல்வை_வலை
தங்கச்சி, எந்த ஏரி? எத்தினை அடித் தண்ணி? என்ன இரை? எத்தினை மணிக்குப் போறீங்கள்?

மினசோட்டா_மணி
ஃப்ளாஷர் (கீழ வர்ற மீனைத் திரையில கோடாக் காட்டுற சோனார் கருவி) இருக்கா? சோனார் இல்லாம ஐஸ்ல உக்காந்தா கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்த மாதிரிதான். கீழ மீன் வருது, இரையைப் பாக்குது, திரும்பிப் போகுது, நமக்குத் தெரியவே தெரியாது. நான் ஃப்ளாஷர் வாங்கின அப்புறம்தான் எனக்கு எல்லாமே புரிஞ்சது. கோடு மேல ஏறி வந்தா இரையையும் மெல்ல மேல தூக்குங்க. வாலாய் துரத்திட்டு வந்து அடிக்கும். எந்த ஸ்டேட்ல இருக்கீங்க?

பனிக்கிழவர்
இந்தக் கேள்வி ஒவ்வொரு மாரியும் வருது, நானும் ஒவ்வொரு மாரியும் பதில் எழுதுறன். பழைய இழையளைத் தேடிப் பார்த்திட்டுக் கேளுங்கோ. ஏரியின்ர பேரைச் சொல்லாமல் "மீன் இல்லை" எண்டால் ஆர் என்னத்தைச் சொல்லுறது? சிம்கோ ஏரியில துளை போட்டுக்கொண்டு இருக்கிறீங்களோ தெரியாது. அங்க மாரியில சனம் பிடிக்கிறது பேர்ச், வெண்மீன், லேக் ட்ரவுட். கவார்த்தா ஏரிப் பக்கம் எண்டால் மாரியில வாலாய்க்குச் சீசனே இல்லை, பிடிச்சால் தண்டம். முதல் விதிப் புத்தகத்தை வாசியுங்கோ.

ஒளிரும்_ஸ்பூன்
நிறம்தான் பிரச்சினை. இருட்டில ஒளிருற பச்சை ஸ்பூன் (கரண்டி மாதிரி உலோகப் போலி இரை) போடுங்கோ, டோர்ச் வெளிச்சத்தில ஒருக்காக் காட்டிப் போட்டு இறக்குங்கோ. அதின்ர முக்கொளுக்கியில (மூண்டு முனை முள்) மின்னோ எண்ட சின்ன இரைமீனின்ர தலையை மட்டும் கிள்ளிக் குத்துங்கோ, முழு மீன் வேண்டாம். தங்க நிறமும் நல்லா வேலை செய்யும். வெள்ளியை எடுத்து வைச்சிடுங்கோ.

ஸ்காபரோ_சுதா
மன்னிக்கோணும், வேலையில நிண்டு அவசரமா எழுதினது. ஒன்ராறியோ ஏரியின்ர குவிண்டே விரிகுடாதான், பெல்வில்லுக்கும் டெசரொண்டோவுக்கும் இடையில. இரை உயிர் மின்னோ, தரையில இருந்து நாலு அடி உயரத்தில தொங்கவிடுறம். ஃப்ளாஷர் இல்லை. காலமை பத்து மணிக்குப் போய் மூண்டரை போல திரும்பிடுவம், பிள்ளையளுக்குக் குளிர்.

வல்வை_வலை
பதில் உங்கட முதல் பதிவிலயே இருக்கு. பக்கத்துக் கூடாரக்காரர் எப்ப வருகினம்? நீங்கள் வெளிக்கிடேக்க.

வாலாயின்ர கண்ணுக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற படலம் ஒண்டு இருக்கு. மங்கல் வெளிச்சத்தில அது நல்லாப் பார்க்கும், பேர்ச்சும் மின்னோவும் தடுமாறும். அந்த நேரம்தான் அதுக்கு வேட்டை. பட்டப்பகலில தரையோட ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். குவிண்டேயில இன்னொரு காரணமும் சேருது. 1990களில தண்ணியை வடிச்சுத் தின்னுற ஸீப்ரா மட்டி பெருகினதுக்குப் பிறகு அந்தத் தண்ணி முந்தியைவிடத் தெளிவு. தெளிவு எண்டால் பகல் வெளிச்சம் இன்னும் ஆழத்துக்கு இறங்கும், வாலாய் இன்னும் பொழுதுபடத்தான் இரை எடுக்கும்.

அப்ப இப்பிடிச் செய்யுங்கோ. மத்தியானம் போங்கோ. துளையளை மூண்டு மணிக்கு முன்னமே போட்டு முடியுங்கோ, ஏனெண்டால் ஆழமில்லாத தண்ணியில ஓகர் (துளை போடுற கருவி) சத்தம் மீனைக் கலைக்கும். மேல் விரிகுடா ஆழமில்லாத இடம். பிறகு பிள்ளையளை ஓட விடாமல் கூடாரத்துக்குள்ள வைச்சிருங்கோ. சூரியன் இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் தொடங்கி, இறங்கி ஒரு மணித்தியாலம் வரை அசையாமல் இருங்கோ. நாலு அடி உயரம் கூடிப்போச்சு, தரையில இருந்து ஒரு அடிக்குள்ள இறக்குங்கோ. ஒன்ராறியோவில ஐஸ்ல ஆளுக்கு இரண்டு தூண்டில் விடலாம், ஆனால் இரண்டும் 60 மீற்றருக்குள்ள, கண் பார்வையில இருக்கோணும். ஒண்டில உயிர் மின்னோவைச் சும்மா விடுங்கோ. மற்றதில ஸ்பூனைத் தரையில இரண்டு தரம் தட்டி, சேறு கிளம்பினதும் அரை அடி தூக்கி அப்பிடியே பிடியுங்கோ. அந்த அசையாத நேரத்திலதான் வாலாய் வாயைத் திறக்கும். குளிரில அதுக்குச் செமிபாடு மெத்த மெதுவு, ஓடிப்போய் பாயாது. கடி எண்டு பெரிசா ஒண்டும் தெரியாது, தூண்டில் நுனியில கொஞ்சம் பாரம் கூடும், அவ்வளவுதான்.

ஒளிரும்_ஸ்பூன்
பொழுதுபட எண்டால் ஒளிருற நிறம் இன்னும் முக்கியம் எல்லோ.

ஆற்றோரம்
ஏன் விரிகுடாவுக்க நிண்டு மினக்கெடுறீங்கள்? மொய்ரா ஆறு விழுற வாயடிக்குப் போங்கோ. இளவேனிலில முட்டையிட ஆத்துக்கு ஏறுற மீன் மாரிக் கடைசியில அங்கதான் கூடும்.

பனிக்கிழவர்
பிள்ளையளோட போற ஆளுக்கு ஆத்து வாயடியைக் காட்டுறீங்களோ? ஏரியில மேல் தண்ணி 0 பாகை, அடித் தண்ணி 4 பாகைக்குக் கிட்ட, ஐஸ் ஆத்தைவிடச் சீரா உறையும். ஆத்தில ஓட்டம் எல்லாத்தையும் கலக்கும். மேல ஒரே வெள்ளையாத் தெரியும், கீழ ஓட்டம் ஐஸை அரிச்சுக்கொண்டு இருக்கும். ஒரு இடத்தில ஒரு அடி தடிப்பு, பத்து எட்டு வைச்சுப் போனால் இரண்டு அங்குலம். பாலத்துக்குக் கீழயும் அதே கதைதான். நான் முகத்துக்கு நேர சொல்லுறன், கோவம் வந்தாலும் பரவாயில்லை.

மினசோட்டா_மணி
ஆறுன்னா ஐஸே இல்லாத இடத்துல பிடிக்கணும். இங்க மிசிசிப்பில ரெட் விங் கிட்ட, மூணாம் நம்பர் லாக் அண்ட் டேம் அணைக்குக் கீழ, ஜனவரிலயும் தண்ணி திறந்து கிடக்கும். போட்டை இறக்கி, ஓட்டம் குறைஞ்ச குழியாப் பாத்து ஜிக்கை (தலையில ஈயம் வச்ச தூண்டில் முள்) செங்குத்தா விட்டு, தரையைத் தட்டிக்கிட்டே நகருவாங்க. வாலாயும் வரும், அதோட சொந்தக்கார சாகரும் வரும். ஏரி ஐஸ்ன்னா எங்க இயற்கை வளத் துறை 4 அங்குலத் தெளிஞ்ச ஐஸ் போதும், நடக்கலாம்னு சொல்லுது.

பனிக்கிழவர்
கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் தனி ஆள் நடக்கவே 15 சென்ரிமீற்றர் சொல்லுது, கூட்டமாப் போனால் 20. உங்கட 4 அங்குலம் 10 சென்ரிமீற்றர்தான்.

மினசோட்டா_மணி
ஐயா, 4 அங்குலம் புதுசா உறைஞ்ச தெளிஞ்ச ஐஸுக்கு. வெள்ளை ஐஸுன்னா அதுல ரெண்டு மடங்கு வேணும்னும் அவங்களே சொல்றாங்க. நான் எதையும் மறைக்கல.

பனிக்கிழவர்
குடும்பமாப் போற ஆக்களுக்கு ஆகக் குறைஞ்ச கணக்கைச் சொல்லாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்.

வல்வை_வலை
இரண்டு பேரும் சொல்லுறது ஒரே விசயம். சுதா, போற வழியில உளியால குத்திக் குத்திப் பாருங்கோ, கழுத்தில ஐஸ் ஊசி (தண்ணிக்க விழுந்தால் ஐஸ்ல குத்தி ஏறுறதுக்கு) இரண்டைக் கொழுவுங்கோ. அதோட மின்னோவைப் பெல்வில் பக்கமே வாங்கி ரசீதை வைச்சிருங்கோ. 2022 இல இருந்து இரைமீனை ஒரு வலயத்தில இருந்து மற்ற வலயத்துக்குக் கொண்டு போகேலாது, செத்ததெண்டாலும்.

கறிச்சட்டி
பிடிச்சால் எந்த அளவு மீன் சாப்பிடலாம்? பெரிசு எண்டால் குழம்புக்கு நல்லதெல்லோ?

வல்வை_வலை
பெரிசை விடுங்கோ. அந்தப் பகுதி விதி நாலு மீன், அதில ஒண்டுதான் 63 சென்ரிமீற்றருக்கு மேல இருக்கலாம். ஆனால் பெரிசு கூடுதலாய் முட்டைக்காரப் பெட்டை. பாதரசமும் வயசு போன மீனிலதான் கூட. பிள்ளைத்தாச்சிக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் எவ்வளவு சாப்பிடலாம் எண்டு ஒன்ராறியோ அரசு ஏரி ஏரியா, நீளம் நீளமா அட்டவணை போட்டிருக்கு. பொரிக்க 45, 50 சென்ரிமீற்றர் மீன்தான் ருசி.

ஆற்றோரம்
விடுறது எண்டால் எல்லாம் பிழைக்குமோ? 30 அடிக்குக் கீழ இருந்து இழுத்த மீன் காற்றுப் பை ஊதிச் சாகும். அதைத் திருப்பி விட்டுப் போட்டு இன்னொண்டைப் பிடிக்கிறது ஆருக்கு லாபம்?

வல்வை_வலை
அது விரிகுடாவின்ர ஆழமான பகுதியளான லோங் ரீச், அடோல்பஸ் ரீச் மாதிரி இடத்துக்குச் சரி, அங்க தேவையான அளவு பிடிச்சதும் நிப்பாட்டோணும். சுதா நிக்கிற இடம் அவ்வளவு ஆழமில்லை. விடுற மீனை ஐஸ்ல கிடத்தி வைக்காமல் உடன விடுங்கோ, கடும் குளிரில கண்ணும் பூவும் (செவுளும்) உறைஞ்சிடும்.

பனிக்கிழவர்
மார்ச் 1க்குப் பிறகு மே முதல் சனி வரை அங்க வாலாய்ச் சீசனை மூடிடுவினம். அதையும் சொல்லி விடுங்கோ. போக முதல் அந்த வருச விதியை ஒருக்காப் பாருங்கோ.

ஸ்காபரோ_சுதா
எல்லாருக்கும் நன்றி. ஆறரை வரை இருந்தம். இரண்டு வந்தது, இரண்டும் இருட்டேக்க. ஒண்டு அப்பா தூக்கினது, 48 சென்ரிமீற்றர். மற்றது பெரிசு, அதை விட்டாச்சு.

ஒளிரும்_ஸ்பூன்
சந்தோசம். எந்த நிறத்தில எடுத்தது?

மினசோட்டா_மணி
சூப்பர்! எத்தனை அடி ஆழம்?

பனிக்கிழவர்
நல்லது பிள்ளை. ஐஸ் எத்தினை அங்குலம் இருந்தது?

ஒளிரும்_ஸ்பூன்
சுதா, நிறம்?