சென்னையை ஒட்டிய முடிச்சூர் பக்கம் ஒரு கிரவுண்டு மனை: முழுக்க 3 அடி மண் அடிக்கலாமா?

மேற்குவாசல்:
மனை 40×60, மேற்குப் பார்த்தது. முன்பக்கத்தை விட ரோடு 1 அடி மேடு. பின்னால் வடகிழக்கு மூலை இன்னும் ஒன்றரை அடி பள்ளம். இரண்டடி தோண்டினாலே களிமண். ரோட்டோரமாக ஒரு வேப்பமரம், அடிமரச் சுற்றளவு 44 அங்குலம். 1000 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் போதும். மரத்தை எடுத்துவிட்டு மனை முழுக்க 3 அடி மண் அடிக்கச் சொல்கிறார் மேஸ்திரி. எனக்கு மரமும் வேண்டும், மழைத்தண்ணீர் நிலத்தில் இறங்கவும் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

ரசமட்டம்:
பிளான் போடுவதற்கு முன்னால், தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் புலப்படம் (நில அளவை வரைபடம்) எடுத்து, ஓடை, வாய்க்கால் ஏதாவது போகிறதா என்று பாருங்கள். தரையில் தூர்ந்து போயிருந்தாலும் மழை அந்தப் பழைய வழியை மறக்காது. பிறகு டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) 10 அடிக்கு ஒரு புள்ளி வீதம் மட்டம் எடுங்கள், 35 புள்ளிதான், அரை நாள் வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவர்க் கறையைக் கேட்டு, அந்த மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முழு மனைக்கும் 3 அடி என்றால் 7200 கன அடி, அதாவது 72 யூனிட். இறுகுவதற்கும் சேர்த்தால் 90 பக்கம் வரும். அதற்கு மேல் பேஸ்மட்டம் வேறு! நீங்கள் ஒதுக்கிய தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும், அவர் மூன்றரை அடி அடிப்பார். வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்துங்கள், பாதி மண் போதும். கிராவல்தான் போட வேண்டும், தோண்டிய களிமண்ணைத் திரும்பக் கொட்டக் கூடாது. 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். ஒரே மூச்சில் கொட்டினால் இரண்டு மழையில் டைல்ஸ் இறங்கும். அஸ்திவாரம் பழைய தரைக்குக் கீழேதான் உட்கார வேண்டும், அடித்த மண்ணில் அல்ல.

வேப்பநிழல்:
சுற்றளவு 44 என்றால் விட்டம் 14 அங்குலம். அங்குலத்துக்கு ஓரடி கணக்கில் 14 அடி ஆரத்துக்குள் தோண்டாதீர்கள், லாரி ஏற்றாதீர்கள், கலவை போடாதீர்கள். உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடியில்தான் இருக்கும். அதன்மேல் 3 அடி மண் விழுந்தால் வேருக்குக் காற்று போகாது, ஓரிரு வருஷத்தில் உச்சிக்கிளை காயத் தொடங்கும். காம்பவுண்டை அந்த இடத்தில் மட்டும் தூண் வைத்து, பீம் போட்டு வேருக்கு மேலே தாண்டவிடலாம்.

60 அடியில் முன்னால் 14 போக, வீட்டுக்கு 36, பின்னால் 10. அகலம் 28 போதும். மேற்குச் சுவரில் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் வையுங்கள். 2 மணிக்கு மேல் அடிக்கும் வெயிலை மரமும் இவையும் தாங்கிக்கொள்ளும். சென்னையில் டிசம்பர் உச்சிவெயில் தெற்கே 53 டிகிரி உயரத்தில் வருகிறது, 4 அடி ஜன்னலை மறைக்கத் தெற்கில் 3 அடி சன்ஷேட் வேண்டும். ஜூனில் சூரியன் வடக்கே சாயும், ஆனால் உச்சியில் 79 டிகிரி. அதனால் அந்த உச்சிவெயிலுக்கு வடக்குச் சன்ஷேடு ஓரடியே அதிகம். நாலு பக்கமும் ஒரே 2 அடி போடுவது வெறும் பழக்கம்.

உறைகிணறு:
ஓரடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி எடுத்து, முதல் நாள் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அரை அங்குலம்கூட இல்லையென்றால் சாதாரணக் கசிவுநீர்க் குழி வீண். கைபோரில் (கையால் துளைக்கும் போர்) களிமண்ணைத் தாண்டி மணல் வரை போய், மழைத்தண்ணீரை அதில் இறக்க வேண்டும்.

மேற்குவாசல்:
செய்து பார்த்தேன். 3 மணி நேரத்தில் கால் அங்குலம். கைபோரில் 11 அடியில் மணல். பக்கத்துக் கிணற்றில் மே மாதம் தண்ணீர் 19 அடியில், நவம்பரில் 4 அடியில் நிற்கிறதாம்.

உறைகிணறு:
அந்த 4 அடிதான் முக்கியம். நவம்பரில் மணல் அடுக்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும், உங்கள் போர் எதையும் குடிக்காது. ஜூன் முதல் அக்டோபர் பாதி வரைதான் வேலை செய்யும். ஆகவே முதலில் சேமிப்பு. 1000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. பெய்தால், இழப்பு போக 4000 லிட்டர் கிடைக்கும். முதல் பத்து நிமிட மழையைத் தனிக் குழாயில் வெளியே விடுங்கள். அடுத்தது மணல் வடிகட்டி, பிறகு தொட்டி, தொட்டி வழிந்தால் வடகிழக்கு மூலைப் போர், அதுவும் நிரம்பினால் வடிகால். செப்டிக் டேங்க் எதிர்மூலையில், மரத்தின் 14 அடிக்கு வெளியே. வடிகட்டியின் மேல் அடுக்கு மணலை வருஷாவருஷம் செப்டம்பரில் சுரண்டி மாற்றாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

நிலத்தடித் தொட்டி வேண்டாம். நீர்மட்டம் 4 அடிக்கு வரும் இடத்தில் காலித் தொட்டியைக் கீழிருக்கும் தண்ணீர் படகு மாதிரி தூக்கும், தொட்டியின் அடி விரிசல் விடும். தரைக்கு மேலேயே வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால் அடித்தளத்தைக் கனமாகப் போட்டு, அக்டோபர் முதல் ஜனவரி வரை கழுவுவதற்குக்கூடக் காலி செய்யாதீர்கள்.